முட்டை வடிவிலொரு கரியடுப்பு

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ வாழும் உறவினர் அனுப்பும் நிழற்படங்களிற் கோடைகாலத்து வீட்டுத்தோட்டக் காட்சிகள் பல இருக்கும். பிள்ளைகள் புற்றரையில் ஓடி விளையாடுவர். ஒருபுறத்தே பென்னம்பெரிய பச்சை முட்டையொன்றை நிமிர்த்தி வைத்தாற்போன்ற பாண்டமொன்று நிற்கும். அதனருகே வீட்டுக்காரர் கையில் இடுக்கியுடன் பெருமிதமாகக் காட்சியளிப்பார். அது யாது என மாணவர் சிலர் எம்மிடம் வினவியதுண்டு. அது ஓர் அடுப்பு. சுட்டமண் வகையாற் செய்யப்பட்டது, மரக்கரியால் எரிவது, வாட்டுதல், வேகவைத்தல், புகையூட்டல் ஆகிய மூன்று தொழில்களையும் ஒருங்கே புரிவது. அதனை முதன்முதலாகக் கையாள்வோர் அறியவேண்டியவற்றை ஈண்டு கூறப் புகுகின்றோம். வாங்கும் எண்ணமோ வசதியோ இல்லாதார்க்கும் இதிற் பயனுண்டு. நெருப்பை மூட்டத் தெரிந்த நாம் அதனை அளவோடு வைத்திருக்கும் வித்தையை எரிவாயு வந்தபின் பெரும்பாலும் மறந்துவிட்டோம். 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பட்டணத்துக் குடும்பங்கள் பல விறகுக்கும் கரிக்கும் மீண்டதையும், புகையோடு போராடியதையும் எவரும் மறந்திரார்.

இவ்வடுப்பின் பூர்வீகம் யப்பான். அந்நாட்டு மொழியிற் 'கமடோ' என்பது அடுப்பைக் குறிக்கும் சொல். பழைய யப்பானிய இல்லங்களிற் களிமண்ணாற் கட்டப்பெற்று, மேலே பானை பொருந்துதற்கு வட்டத் துவாரமும், முன்னே விறகிடுதற்கு வாயும் உடையதாய் அது அமைந்திருந்தது. நம் பாட்டிமார் சாணமிட்டு மெழுகிப் பேணிய மண்ணடுப்புக்கு அது தூரத்து உறவு எனலாம். அதனை இடம்விட்டு இடம் பெயர்க்க இயலாது. பெயர்க்கத்தக்கதாய், குமிழ்போன்ற மூடியுடன் உருண்டை வடிவிற் செய்யப்பட்ட பாண்டம் 'முசிக்கமடோ' எனப்பட்டது. அதனுள்ளே கரியிட்டு, அதன்மேற் பானையை வைத்து மூடிச் சோறாக்குவர். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிவுற்றபின் யப்பானில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினர் இதனைக் கண்டனர். சோறு அவர்களைக் கவரவில்லை. ஆயினும் இறைச்சி வாட்டுதற்கு ஏற்ற பாண்டம் இதுவே எனத் தேர்ந்து, ஊர் திரும்புகையில் உடன்கொண்டு சென்றனர். பின்னர், 1974இல் எட் பிசர் என்பவர் ஜோர்ஜியா மாநிலத்து அத்திலாந்தா நகரிற் 'பிக் கிறீன் எக்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய பச்சை முட்டை என்பதே அப்பெயரின் பொருள். பழைய களிமண் பாண்டங்கள் கடுஞ்சூட்டைத் தாங்காது வெடித்தமையால் உயர்வெப்பம் பொறுக்கும் பீங்கான் கலவை கையாளப்பட்டது. 2009இல் அதே மாநிலத்திற் 'கமாடோ ஜோ' என்னும் நிறுவனமும் தோன்றியது. இன்று சிவப்பு, கறுப்பு எனப் பல நிறங்களிற் பலரும் செய்து விற்கின்றனர். நிறம் எதுவாயினும் தத்துவம் ஒன்றே.

அத்தத்துவத்தை மாணவர் சற்று ஊன்றி நோக்குதல் நன்று. பாண்டத்தின் சுவர் ஏறக்குறைய ஓரங்குலத் தடிப்புடையது. அடியில் இழுத்து மூடத்தக்க சிறு சாளரமொன்று உண்டு. மூடியின் உச்சியிலே புகைவாய் உண்டு. இடையிற் கரியிடுங் கிண்ணம், அதன் அடியில் நீறு விழுதற்கான துளைத்தட்டு, மேலே உணவு வைக்குங் கம்பித்தட்டு ஆகியன அமைந்துள்ளன. மூடிக்கும் உடலுக்கும் இடையே காற்றுப் புகாவண்ணம் கம்பளி போன்றதொரு பட்டி ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே உள்ளே புகுங் காற்று கீழ்ச்சாளரத்தால் மட்டுமே புகவேண்டும். மேல்வாயால் மட்டுமே வெளியேறவேண்டும். கரி எத்துணை இருப்பினும் கிடைக்கும் ஒட்சிசன் அளவிற்கே அது எரியும். ஆதலால் நெருப்பைக் கட்டுப்படுத்துவது கரியன்று, காற்று. இந்த ஒன்றை மனத்திருத்தினால் மற்றவை தாமே விளங்கும்.

தகரப் பீப்பாயிற் செய்த அடுப்பொன்றை இதனோடு ஒப்பிடுக. மெல்லிய தகரம் வெப்பத்தை வெளியே கொட்டிவிடுகின்றது. இழந்ததை ஈடுசெய்யப் பெருநெருப்பு வேண்டும். பெருநெருப்புக்குப் பெருங்காற்று வேண்டும். அக்காற்று உணவின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். சுட்டமண்ணோ வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. சிறு தணலே போதும், சிறு காற்றே போதும். எனவே உணவு உலராது வேகின்றது. கிண்ணம் நிறைந்த கரி, தாழ்ந்த சூட்டிலே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் நின்றெரிவது இதனாலேயே. இதற்கு மறுபக்கமும் உண்டு. வெப்பத்தை எளிதில் விடாத பாண்டம், நாம் வேண்டாதபோதும் அதனை விடாது. சூடு அளவு மீறிவிட்டால், வாய்களை ஒடுக்கிய பின்னும் அது தணிய ஒரு மணித்தியாலம் சென்றாலும் வியப்பில்லை.

கரியும் கொளுத்தலும்

கரி பற்றிச் சில வார்த்தைகள். காற்றுப் புகாது விறகைச் சுடும்போது அதிலுள்ள நீரும் ஆவியாகும் பொருள்களும் நீங்க, பெரும்பாலும் காபனே எஞ்சுகின்றது, அதுவே மரக்கரி. இவ்வடுப்புக்கு இயற்கையான துண்டுக்கரியே உகந்தது. மாவும் பிறவுஞ் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் கரிக்கட்டிகள் மிகுதியாக நீறு தருவதாற் காற்றுவழி அடைபடும். பெரிய துண்டுகளை அடியிலும் சிறியவற்றை மேலும் அடுக்குக, கரித்தூளைக் கொட்டற்க. நம் நாட்டிற் சிரட்டைக்கரி தாராளமாகக் கிடைக்கின்றது. நீரையும் காற்றையும் தூய்மையாக்கும் உயிர்ப்பூட்டிய கரி செய்வதற்கு அதுவே மூலப்பொருளாகிக் கடல்கடந்து செல்கின்றது. வலிய சூடு தரும் கரி அது. ஆயினும் சிறு சில்லுகளாய் இருப்பதாற் கிண்ணம் முழுவதையும் அதனால் நிரப்பினாற் காற்று மூச்சுமுட்டும். மரக்கரியின்மேல் ஒரு படையாக இட்டுக்கொள்ளலாம். ஊமற்கரியாற் பல் துலக்கிய தலைமுறைக்குக் கரியின் தராதரத்தைப் பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

கொளுத்துதற்கு மண்ணெண்ணெய் ஊற்றுதல் கூடவே கூடாது. சுட்டமண்ணில் நுண்டுளைகள் உண்டு. அவை உறிஞ்சிய எண்ணெய் பின்பு நாட்கணக்கில் ஒவ்வோர் உணவிலும் நாறும். கடையில் விற்கும் மெழுகுக் கொளுத்தியோ, காய்ந்த பன்னாடையும் பொச்சும் சேர்த்த சிறு உருண்டையோ போதுமானது. கரியின் நடுவிலே குழிசெய்து அதனை வைத்து, கீழ்ச்சாளரத்தை முற்றாகத் திறந்து, மூடியையும் திறந்தபடியே விட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். தாழ்சூட்டுச் சமையலாயின் ஓரிடத்திற் பற்றினாற் போதும். கடுஞ்சூடு வேண்டுமாயின் மூன்று இடங்களிற் பற்றவைக்கலாம்.

புதிய அடுப்பை வாங்கியோர் முதல் நாளே அதன் உச்ச வல்லமையைக் காண ஆசைப்படுவர். அது தகாது. சுவரிலே தங்கிய ஈரம் மெல்ல நீங்கவும், பட்டியை ஒட்டிய பசை இறுகவும் முதற் சில நெருப்புகள் 180 பாகைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். நாம் இங்கு கூறுவன செல்சியசுப் பாகைகள். அமெரிக்காவிலிருந்து வரும் அடுப்புகளின் மூடியிலுள்ள வெப்பமானி பெரும்பாலும் பரனைற்றுப் பாகையிலேயே காட்டும். 32ஐக் கழித்து, மீதியை 5ஆற் பெருக்கி 9ஆல் வகுக்கும் பழைய பாடசாலைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். அங்குள்ளார் புகையூட்டலுக்குச் சொல்லும் 225 பாகை நம் கணக்கில் ஏறக்குறைய 107 ஆகும்.

இனித்தான் கைப்பழக்கம் வேண்டப்படும் பகுதி. 110 பாகை வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மூடியை இறக்கியதும் சூடு ஏறத்தொடங்கும். அது 110ஐத் தொடும்வரை பார்த்திருந்து பின்னர் வாய்களை ஒடுக்குவார் ஏமாறுவர். அதற்குள் சுவர் சூட்டைக் குடித்துவிட்டிருக்கும். 90 பாகையை எட்டும்போதே கீழ்ச்சாளரத்தை விரற்கடையளவுக்குக் குறைத்து, மேல்வாயையும் சிறிது சிறிதாக ஒடுக்கிவரவேண்டும். ஒரு மாற்றம் செய்தால் அதன் விளைவைக் காணக் கால் மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். இங்கேதான் பலரும் பொறுமை இழக்கின்றனர். முள் அசையவில்லையென்று மேலும் திறப்பர், பின்பு மிகையாயிற்றென்று மூடுவர்; அடுப்பும் அவரும் மாலைவரை ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருப்பர். முள் 105க்கும் 115க்கும் இடையில் உலாவுவதனால் எந்த உணவும் கெட்டுவிடாது. அதனை அதன்பாட்டில் விடுதலே அறிவு.

மூடியை அடிக்கடி திறந்து பார்த்தலும் ஆகாது. சூடு வெளியேறுவதோடு, உட்புகுந்த புதுக்காற்றினால் நெருப்பு மூண்டெழும். இதில் ஆபத்தும் அடங்கியுள்ளது. கடுஞ்சூட்டில் எரிந்து, பின் காற்றுக் குறைக்கப்பட்ட அடுப்பின் மூடியைச் சடுதியாகத் திறந்தால், ஒட்சிசனுக்காகக் காத்திருந்த வாயுக்கள் ஒரேயடியாகத் தீப்பற்றிச் சுவாலை முகத்தை நோக்கிப் பாயும். மயிரும் புருவமும் கருகுதல் அதன் சிறிய விளைவு. மூடியை முதலில் இரண்டங்குலம் மட்டும் உயர்த்திச் சில விநாடி நிறுத்தி, உள்ளே மெல்ல மூச்சு விடச்செய்து, பின்னரே முற்றாகத் திறக்கவேண்டும். சிறுவரை அடுப்பருகே நெருங்கவிடாமைக்கு இதுவொன்றே போதிய காரணம்.

புகை

புகையினாற் பதப்படுத்தல் நமக்குப் புதிதன்று. மாலைதீவினர் சூரைமீனை அவித்துப் புகையில் வாட்டி உலர்த்துவதே நாம் சம்பலிற் சேர்க்கும் மாசி. களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் றப்பர்த் தாள்களைப் புகையறையிலே தொங்கவிட்டிருப்பதைச் சுற்றுலா சென்ற மாணவர் கண்டிருப்பர். புகையிலுள்ள சில பொருள்கள் கிருமிகளையும் பூஞ்சணத்தையும் அடக்குவதனாலேயே இவை நெடுநாட் கெடாதிருக்கின்றன. ஆனால் முட்டையடுப்பிற் புகை சுவைக்காகவே ஊட்டப்படுகின்றது, பாதுகாப்புக்காக அன்று. அவ்வாறு சமைத்ததை மாசிபோல் அலுமாரியில் வைக்கலாமென எவரும் எண்ணற்க.

நன்கு பற்றிய கரி புகைவதில்லை. மணந்தரும் புகை, கரிமேல் வைக்கும் காய்ந்த மரத்துண்டிலிருந்தே எழுகின்றது. விறகின் நாருக்கு உறுதிதரும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தாற் சிதைந்து, வாசனைமிக்க பீனோல் வகைகளாக மாறுவதே இதன் இரகசியம். கைப்பிடியளவான துண்டுகள் இரண்டு மூன்று போதும். அவற்றை நீரில் ஊறவைக்கவேண்டும் என்பார் உளர். ஊறிய நீர் ஆவியாகும்வரை துண்டு எரியாது என்பதன்றி அதனால் வேறு பயனில்லை. அமெரிக்கர் ஓக், ஹிக்கரி, அப்பிள் முதலிய மரங்களைக் கொள்வர். நமக்குக் கொய்யாக் கொம்பு ஏற்றது. பிசின் மிகுந்த பைன் மரம் கசப்பேற்றும். அலரியும் தில்லையும் நஞ்சுடையன. அவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்கலாகாது. வர்ணம் பூசிய பழைய பலகையும், பூச்சியரியாவண்ணம் மருந்திட்ட பலகையும் அவ்வாறே விலக்கத்தக்கன.

கொளுத்திய சிறிது நேரத்துக்கு வெண்புகை திரள்திரளாக வெளிவரும். அது அரைகுறையாக எரிவதன் அடையாளம். அவ்வேளையில் உணவை வைத்தாற் கைப்பும் கரிப்பிடித்த நாற்றமுமே மிஞ்சும். இருபது முப்பது நிமிடங்களில் அது மெலிந்து, வானத்தின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் நீலமாய் எழும். அதுவே உரிய தருணம். தாழ்சூட்டுச் சமையலின்போது தணலுக்கும் உணவுக்கும் இடையே சுட்டமண் தகடொன்றை மறிப்பாக வைப்பர். நேர்வெப்பம் தாக்காது, சுவரிலிருந்து வீசும் வெப்பத்திலே பண்டம் மெல்ல வேகும். கொழுப்பும் தணலில் வடியாது. தணலில் வடியும் கொழுப்பு எரிந்தெழும் புகையிலே புற்றுநோயை விளைக்கத்தக்க பொருள்கள் உள்ளன. புகையூட்டியும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் விடுத்த எச்சரிக்கையையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. விழாக்காலத்து விருந்தை நித்திய போசனமாக்காதிருந்தாற் போதும்.

எதனை முதலிற் சமைப்பது?

தெக்சாசு மாநிலத்தார் மாட்டின் நெஞ்சுப் பகுதியைப் பன்னிரண்டு மணித்தியாலம் புகையிற் கிடத்துவதைப் பெருங்கலையாகக் கொண்டாடுவர். அது நம் இல்லங்களில் வேண்டப்படாத ஒன்று. எனினும் அவர்கள் கண்ட விந்தையொன்று பௌதிகம் பயில்வோர்க்குச் சுவைதரும். இறைச்சியின் உட்சூடு சீராக ஏறிவந்து, 70 பாகையளவில் அசையாது நின்றுவிடும். சில மணித்தியாலம் அப்படியே நிற்கும். அடுப்பு பழுதாயிற்றென்று புதியவர் பதறிக் கரியைக் கிளறுவர். உண்மையில் நிகழ்வது யாது? மேற்பரப்பிற் கசியும் ஈரம் ஆவியாகும்போது, ஏறும் வெப்பத்தையெல்லாம் அது கவர்ந்து செல்கின்றது. மண்கூசாவில் நீர் குளிர்வதும் இதே காரணத்தாற்றான். ஈரம் குறைந்ததும் சூடு மீண்டும் ஏறும்.

தொடங்குவோர்க்கு ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள கோழி மிக உகந்தது. முதுகெலும்பை வெட்டி நீக்கி விரித்து, உப்பும் மிளகும் மஞ்சளும் தடவி, மறிப்புத்தகட்டின்மேல் 180 பாகையில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்திற் பதமாகும். நேரத்தை நம்பற்க, உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி தொடையின் தடித்த பகுதியில் 74 பாகை காட்டவேண்டும். புகைபட்ட இறைச்சியின் விளிம்பு முற்றாக வெந்தபின்னும் இளஞ்சிவப்பாய் இருப்பதுண்டு. புகையிலுள்ள வாயுக்கள் தசையின் செந்நிறப் பொருளோடு சேர்வதால் விளைவது அது. ஆகவே நிறத்தைக் கொண்டு பதத்தைத் துணிதல் இங்கே செல்லாது. மீனாயின் பாரையோ விளையோ உப்புநீரிற் சிறிதுநேரம் கிடந்து, துடைத்துலர்ந்தபின் 110 பாகையில் வைக்கத்தக்கது. உட்சூடு 63 பாகை எட்டினால் எடுக்கலாம்.

சைவபோசனத்தார்க்கு இவ்வடுப்பிற் பங்கில்லை என எண்ணுவது பெருந்தவறு. எம் கருத்தில், இதன் நயத்தை மரக்கறியே நன்கு புலப்படுத்தும். முழுக்கத்தரிக்காயைத் தணலின்மேல் நேராக வாட்டித் தோலுரித்து, தயிரும் பச்சைமிளகாயும் வெங்காயமும் கூட்டிப் பச்சடி செய்து பாருங்கள். முற்றிய ஈரப்பலாக்காயை முழுதாகவே 200 பாகையில் ஒரு மணித்தியாலமளவு கிடத்தினால் தோல் கருகி, உள்ளே மாவாய் மலர்ந்திருக்கும். சோளப்பொத்தி, வற்றாளங்கிழங்கு என்பனவும் அவ்வாறே. பனம்பழத்தைத் தணலிற் சுட்டு உரித்துச் சூப்பிய யாழ்ப்பாணத்தாருக்கு, சுட்ட பழத்தின் மணம் இன்னதென்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஆவணியிற் பழம் விழும் காலத்தில் இவ்வடுப்பு வீட்டிலிருந்தால் அதற்கு வேறு வேலை தேடவேண்டா. உரொட்டி சுடுவதற்குச் சுட்டமண் தகட்டை 250 பாகைக்குமேற் காய்ச்சவேண்டும். அவ்வேளை இது வட இந்தியரின் தந்தூரி அடுப்புக்கு உடன்பிறப்பாகிவிடும்.

மறவாது கூறவேண்டியது

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. கரி எரியும் எவ்வடுப்பையும் வீட்டினுள்ளே, வாகனக் கொட்டிலுள்ளே, கூடாரத்தினுள்ளே வைத்தல் உயிராபத்தாகும். காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் கரி காபனோரொட்சைட்டு என்னும் வாயுவைத் தருகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிவு இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் பிணைவதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் ஒட்சிசனின்றித் தவிக்கும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறங்குவோர்க்கு அவையும் தெரியாது. குளிர்நாடுகளிலே, விருந்து முடிந்தபின் அணைந்துபோனதெனக் கருதிய அடுப்பைச் சூடு வீணாகாதென்று உள்ளே கொண்டுவந்து மாண்டோர் உளர். கரியைப் பொறுத்தவரை புகையில்லாமை பாதுகாப்பின் அடையாளமன்று. நீறுபூத்த நெருப்பே மிகவும் அஞ்சத்தக்கது. அங்குள்ள உறவினர் இக்குளிர்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டதென்று கரியடுப்பை உள்ளே எடுக்க நினைப்பரேல், இங்கிருந்து தொலைபேசியிலாவது தடுத்துவிடுங்கள். நம் வீடுகளிலும் மழைநாளிற் கதவு யன்னல்களைச் சாத்திக் கரியடுப்பு மூட்டுதல் அத்தகையதே.

சமையல் முடிந்ததும் நீர் தெளித்து அணைத்தல் ஆகாது. சூடேறிய சுட்டமண் வெடித்துவிடும். கீழும் மேலும் இறுக மூடிவிட்டாற் காற்றின்றி நெருப்பு தானே அடங்கும். சுவர் ஆற இரவு முழுதும் செல்லும். மழையில் நனைந்த அடுப்பாயின் அடுத்தமுறை தாழ்ந்த நெருப்பில் ஈரத்தை ஓட்டியபின்னரே சூட்டை உயர்த்தவேண்டும். பெரிய அளவினது 70 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரமுடையது. தூக்கி நகர்த்த இருவர் வேண்டும். கீழே விழுந்தால் முட்டை முட்டையேதான். மறுநாட் காலை மூடியைத் திறந்து பார்த்தால், கிண்ணத்திலே முன்னாட் கரியிற் பாதியளவு அணைந்து கிடக்கும். அதனை எறிந்துவிடாது, கோலாற் கிளறி நீற்றைக் கீழே உதிர்த்து, புதுக்கரி சிறிது மேலே இட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை எரிந்த கரி புதியதிலும் விரைவாகப் பற்றும்.